மரத்தடியில் ஒரு சர்வகலாசாலை

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பி குடித்துவிட்டு, பரீட்சைத் தாள்களைத் திருத்துவதற்காகச் சிவப்பு மசியையும் மனத் துணிவையும் ஒருங்கே சேகரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயம் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். எட்டிப் பார்த்தால், என்னிடம் பத்தாம் வகுப்பு வரையில் படித்த பெண் ஒருத்தி; பக்கத்தில் அவளுடைய தகப்பனார். பெண்ணின் முகத்தில் அழுது ஓய்ந்த அறிகுறி. தகப்பனாரின் முகத்தில் அழாமலே ஓய்ந்த அறிகுறி. வந்த விஷயம் சாமான்யமானதல்ல என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"ஸார்! இவளுக்கு நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும்" என்று ஆரம்பித்தார் தகப்பனார். "பிராணி சாஸ்திரத்தில் எம்.எஸ்ஸி. பாஸ் செய்துவிட்டாள். பாங்கிப் பரீட்சைக்குப் படி என்றால் மாட்டேன் என்கிறாள். பறவைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறாளாம்! அதோடு நின்றாலும் பரவாயில்லை. ஊர் ஊராய்ப் போய் அவற்றைப் பற்றி ஜனங்களிடம் பேசவும் போகிறாளாம்! நாரையை எண்ணினால் யார் ஸார் சம்பளம் கொடுப்பார்கள்? நாரைக்காகப் பேசினால் யார் ஸார் காது கொடுப்பார்கள்?"

இரண்டு கேள்விகளும் நியாயமான கேள்விகளே. பெண்ணைப் பெற்றவர் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? முதல் கேள்விக்கு என்னிடம் நிச்சயமான விடை கிடையாது. ஆராய்ச்சி மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் உண்டு. ஆனால் எல்லாருக்கும் உண்டு என்றோ, மாதந்தோறும் தவறாமல் வரும் என்றோ உபாத்தியாயராகிய நான் ஜாமீன் நிற்க முடியாது. இரண்டாவது கேள்விக்கு மட்டும் ஒரு விடை இருந்தது. அது விடையல்ல, ஒரு கதை. ஆனால் கட்டுக் கதை அல்ல.

அதைச் சொல்வதற்கு முன், என்னைப் பற்றிய ஓர் உண்மையையும் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். பதினைந்து வருஷங்களுக்கு முன்பு, என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் ஏரிக்கு எந்த நாளில் என்ன பறவை வந்தது, எத்தனை வந்தது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்திருந்தான். ஒரு நாள் அதை மிகுந்த ஆசையோடு என்னிடம் கொண்டுவந்து காட்டினான். நான் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதற்கு எத்தனை மார்க், அப்பா?" என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. பையனும் சிரித்தான். ஆனால் அந்த நோட்டுப் புத்தகத்தை நான் மறுபடியும் பார்க்கவில்லை. அந்த ஏரிக்கு எந்தப் பறவை எந்த வருஷத்திலிருந்து வராமற் போயிற்று என்று இன்று யாராவது கேட்டால், பதில் சொல்லக்கூடிய ஒரே புத்தகத்தை மூடியவன் நான்தான்.

ஆகையால் அந்தத் தகப்பனாருக்கு நான் சொன்ன கதையில், என் பிராயச்சித்தமும் கொஞ்சம் கலந்திருந்தது. அந்தக் கதையை நேயர்களுக்கும் சொல்கிறேன்.

* * *

கதை நடந்த இடம் அஸ்ஸாம் தேசம். பிரம்மபுத்திரா நதிக் கரையில், காமரூபம் என்னும் ஜில்லாவில், தாதரா, பசாரியா, சிங்கிமாரி என்று சில கிராமங்கள் இருக்கின்றன. கௌஹாத்தி நகரத்திலிருந்து அதிக தூரமில்லை. மூங்கில், பாக்கு, கடம்ப மரங்கள் சூழ்ந்த வீடுகள், வீடுதோறும் கொல்லைப்புறம். அந்தக் கொல்லைப்புறங்களில் நிற்கும் உயர்ந்த மரங்களின் உச்சியில், உலகத்தில் மிகச் சில இடங்களிலேயே காணக்கூடிய ஒரு பெரிய பறவை கூடு கட்டுகிறது. அஸ்ஸாமியர் அதற்கு இட்ட பெயர் ஹர்கிலா. 'எலும்பு விழுங்கி' என்று அதற்குப் பொருள்.

பெயரைக் கேட்டவுடனே பறவையின் அழகைப் பற்றி நேயர்கள் ஒருவாறு ஊகித்திருப்பார்கள். நாரை இனத்தைச் சேர்ந்தது. சுமார் ஐந்தடி உயரம். சிறகை விரித்தால் எட்டடி. தலையிலே மயிர் இல்லை. கழுத்திலே ஒரு பை தொங்குகிறது. அலகோ ஆப்பு அடிக்கும் முளை போன்றது. செத்த பிராணி, எலும்பு, மீன், தவளை, எலி எதையும் அது தள்ளுவதில்லை. பழைய காலத்து ஆங்கிலேயச் சிப்பாய்கள், அது விறைப்பாக நடக்கும் நடையைப் பார்த்துத் தங்கள் படையிலிருந்த 'அட்ஜுடன்ட்' என்னும் அதிகாரியின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அந்த அதிகாரிகள் இதைப் பற்றி என்ன நினைத்தார்களோ, தெரியாது!

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பறவைகள் கல்கத்தா நகரத்தில் கூட்டம் கூட்டமாக வசித்தன. பெரிய மாளிகைகளின் கைப்பிடிச் சுவர்களில், சம்பளமில்லாத காவற்காரர்களைப் போல் வரிசையாக நிற்கும். நகரத்தின் கழிவுகளையும் செத்த பிராணிகளையும் தின்று தீர்த்து, தோட்டிகளின் வேலையில் பாதியை அவையே செய்துவந்தன. கல்கத்தா முனிசிபாலிடியின் பழைய முத்திரையில் இரண்டு ஹர்கிலாக்கள் இடம் பெற்றிருந்தன. அப்படிப்பட்ட பறவை பிற்பாடு கல்கத்தாவை விட்டே மறைந்துபோயிற்று. இன்று அது கூடு கட்டுவது அஸ்ஸாமிலும், பீஹாரில் பாகல்பூருக்கு அருகிலும், கடல் கடந்த கம்போடியாவிலுந்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாகல்பூர்ப் பக்கத்து ஜனங்கள் இதே பறவையைக் 'கருடன்' என்று அழைக்கிறார்கள். மகாவிஷ்ணுவின் வாகனம் என்ற பக்தி! ஓர் ஊரில் எலும்பு விழுங்கி, மற்றோர் ஊரில் கருட பகவான். பறவை என்னவோ ஒன்றுதான். பார்க்கும் கண்ணிலும் கூப்பிடும் வாயிலுமே வித்தியாசம் இருக்கிறது. இந்த விஷயத்தை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கதைக்குச் சாரமே இதுதான்.

* * *

2007-ஆம் வருஷம். கௌஹாத்தி சர்வகலாசாலையில் பிராணி சாஸ்திரம் பயின்று, டாக்டர் பட்டத்துக்காக ஹர்கிலாவைப் பற்றி ஆராய்ச்சி தொடங்கியிருந்தார் ஒரு பெண்மணி. பெயர் பூர்ணிமா தேவி பர்மன். சிறு பிராயத்தில் பிரம்மபுத்திரா கரையில் பாட்டியிடம் வளர்ந்தவர். அந்தப் பாட்டி எழுத்தறிவிப்பதற்கு முன்பே பேத்திக்கு வயல்வெளிகளையும் நீர்நிலைகளையும் காட்டி, பறவைகளை அறிவித்தாளாம். ஆராய்ச்சி தொடங்கிய சமயத்தில் பூர்ணிமா தேவிக்கு இரட்டைப் பெண் குழந்தைகள். இரண்டும் சிறு குழந்தைகள்.

தாதரா கிராமத்தில் ஒருவர் தம்முடைய கொல்லைப்புறத்து மரத்தை வெட்டுகிறார் என்று பூர்ணிமா தேவிக்குச் செய்தி கிடைத்தது. ஓடிச் சென்று பார்த்தார். மரம் சாய்ந்து கிடந்தது. அதோடு ஹர்கிலாவின் கூடுகளும் விழுந்து சிதறிக் கிடந்தன. ஒன்பது குஞ்சுகள் தரையில். சில இறந்துவிட்டன, சில உயிருக்குத் துடித்தன. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். மரத்துக்குச் சொந்தக்காரருக்குக் கோபம் வந்தது. சுற்றி நின்றவர்களுக்குச் சிரிப்பு வந்தது. இந்த அவலட்சணப் பறவைக்காக ஒரு படித்த பெண் வந்து வாதாடுவதாவது!

அந்தக் கிராமத்தாரைக் கொடியவர்கள் என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். அவர்கள் கட்சியையும் கேட்பதுதான் தர்மம். ஹர்கிலா கூடு கட்டும் மரத்தடியில் குடியிருப்பதென்றால் என்ன அர்த்தம்? எச்சம் மழை போல் விழும். அழுகிய மீனும் எலும்புத் துண்டும் மேலிருந்து விழும். நாற்றம் அடுப்பங்கரை வரையில் வரும். பெருக்கிப் பெருக்கிக் கை ஓய்ந்தவர்கள் வீட்டுப் பெண்கள். போதாக்குறைக்கு, அந்தப் பறவை அபசகுனம், வியாதியைக் கொண்டுவருவது என்ற நம்பிக்கை வேறு. இப்படி இருக்கும்போது சொந்த மரத்தை வெட்டித் தள்ளியவரை நாம் எந்த வாயால் வைவது? உலகத்தில் அந்தப் பறவை எத்தனை மிஞ்சியிருக்கிறது என்று அவருக்கு யாராவது சொன்னார்களா? அறியாமை அவருடையது என்றால், அறிவிக்காத குற்றம் அறிந்தவர்களுடையது அல்லவா?

அன்று பூர்ணிமா தேவி தெரிந்துகொண்டது இதுதான். குஞ்சுகளைப் பார்த்தபோது தம்முடைய இரட்டைக் குழந்தைகளின் ஞாபகம் வந்தது என்று பிற்பாடு பல தடவை அவர் சொல்லியிருக்கிறார். ஹர்கிலா எவ்வளவு முட்டை இடுகிறது, எந்த மாதத்தில் குஞ்சு பொரிக்கிறது என்றெல்லாம் எழுதி முடிப்பதற்குள் பறவையே இல்லாமல் போய்விட்டால், அந்த ஏடு யாருக்கு? செத்தவருக்கு எழுதிய ஜாதகம் போல அல்லவா ஆகிவிடும்? ஆகவே டாக்டர் பட்டத்தை ஒத்திவைத்தார். ஒரு வருஷமல்ல, இரண்டு வருஷமல்ல. பட்டத்தை அவர் பெற்றது 2019-ஆம் வருஷத்தில்.

* * *

இடையில் அவர் செய்தது என்ன? பேசக் கற்றுக்கொண்டார். இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். சர்வகலாசாலையில் படித்தவர்களுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமான பாடம் இதுதான். நாங்கள் பேச ஆரம்பித்தால் பிரசங்கம் ஆகிவிடும். பிரசங்கம் ஆரம்பித்தால் கேட்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். கொட்டாவியின் சாஸ்திரத்தில், இருபது வருஷத்து உபாத்தியாயர் என்ற முறையில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

1972-ஆம் வருஷத்திலேயே நமது தேசத்தில் வனஜீவிகளைக் காப்பாற்றச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஹர்கிலா காட்டில் கூடு கட்டவில்லை; கொல்லையில் கட்டுகிறது. ஒவ்வொரு கொல்லைக்கும் ஒரு காவலரை நிறுத்த எந்த அரசாங்கத்தால் முடியும்? அரசாங்கம் செய்ய முடியாத காவலை வேறு யாராவது செய்ய வேண்டும். யார்? கொல்லைப்புறத்துக்கு உண்மையான அதிபதி யாரோ, அவர்தான். அந்த அதிபதி வீட்டுக்காரர் அல்ல, வீட்டுக்காரி. காலையில் எழுந்து எச்சத்தைப் பெருக்குகிறவள் அவளே. அவளிடம் மட்டும் அதுவரையில் ஒருவரும் பேசியதில்லை.

பூர்ணிமா தேவி அவளிடம் போனார். எடுத்த எடுப்பிலே பறவையைப் பற்றிப் பேசினாரா? இல்லை. கிராமத்துப் பெண்களுக்குச் சமையல் போட்டி வைத்தார்! அவரவர் வீட்டுக் கைப்பாகத்தில் பலகாரம் செய்து கொண்டுவர வேண்டியது, பரிசு உண்டு. பெண்கள் வந்தார்கள். பலகாரத்தைப் பற்றிய பேச்சு குழந்தைகளைப் பற்றிய பேச்சாயிற்று. அது மெல்ல, மரத்தின் மேல் வசிக்கும் குழந்தைகளைப் பற்றிய பேச்சாயிற்று. இந்த ஹர்கிலாவும் நம்மைப் போல் ஒரு தாய்தானே என்று ஒருத்தி நினைத்துவிட்டால் போதும். நூறு பிரசங்கம் செய்ய முடியாததை அந்த ஒரு நினைப்பு செய்துவிடும்.

அதன் பிறகு நடந்தவை நமது தாய்மார்களுக்கு மிகவும் ரஸமாக இருக்கும். அஸ்ஸாமில் கர்ப்பிணிகளுக்குப் பஞ்சாமிர்தம் என்று ஒரு மங்கள வைபவம் நடத்துவது வழக்கம். நம் பக்கத்துச் சீமந்தம், வளைகாப்புப் போன்றது. ஹர்கிலா முட்டையிடும் பருவத்தில், அந்தக் கிராமத்துப் பெண்கள் பறவைக்கே அந்த வைபவத்தை நடத்தத் தொடங்கினார்கள்! பாட்டும் உண்டு, பட்சணமும் உண்டு. சீமந்தம் செய்து வைத்த கர்ப்பிணியின் வீட்டை இடிக்க யாருக்காவது மனம் வருமா? கூடு இருக்கும் மரத்தை வெட்டுவதற்கும் அப்படியே மனம் வராமற் போயிற்று.

மரத்துக்குச் சொந்தக்காரர்களை அவர் அபராதம் போட்டுத் திருத்தப் பார்க்கவில்லை. சபையில் அழைத்து உட்கார வைத்து மரியாதை செய்தார். நாம் பொன்னாடை போர்த்துவது போல அஸ்ஸாமியர் 'கமோசா' என்னும் சிவப்புக் கரைத் துண்டு அணிவித்துக் கௌரவிப்பார்கள். அந்தத் துண்டைத் தோளில் ஏற்றுக்கொண்ட மனிதர் வீட்டுக்குத் திரும்பிப் போய்க் கோடரியைக் கையில் எடுப்பாரா? நேற்று வரையில் தொல்லையாக இருந்த மரம், இன்று அவருக்குப் பெருமையாகிவிட்டது.

அஸ்ஸாமில் தறி ஓட்டத் தெரியாத பெண் அபூர்வம். அந்தக் கைத்திறனையும் பூர்ணிமா தேவி விடவில்லை. தறியும் நூலும் கிடைக்க வழி செய்தார். பெண்கள் தங்கள் புடைவைகளிலும் துண்டுகளிலும் ஹர்கிலாவின் உருவத்தை நெய்தார்கள், விற்றார்கள், கையில் நாலு காசு கண்டார்கள். அபசகுனம் என்று ஒதுக்கிய பறவை மங்கள வஸ்திரத்தில் ஏறி உட்கார்ந்தது. வைதிகச் சடங்கும் கைத்தொழிலும் சேர்ந்து செய்த இந்த மாறுதலைச் சட்டப் புத்தகத்தால் செய்திருக்க முடியுமா?

நாளடைவில் அந்தப் பெண்கள் ஒரு படையாகத் திரண்டார்கள். 'ஹர்கிலா சேனை' என்று அதற்குப் பெயர். ஆயுதமில்லாத சேனை. இதில் 10,000-க்கும் அதிகமான ஸ்திரீகள் சேர்ந்திருக்கிறார்கள். காற்றிலே கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளைத் தாங்க மரத்தடியில் வலை கட்டுகிறார்கள். அடிபட்ட குஞ்சுகளை எடுத்துச் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். நாளைய கூடுகளுக்காக இன்றே மரக் கன்றுகளை நடுகிறார்கள். குழந்தைகளும் பெரியவர்களும் ஹர்கிலாவின் தலையைப் போல் முடி செய்து அணிந்துகொண்டு ஊர்வலம் போகிறார்கள். 2017-ஆம் வருஷத்திலிருந்து, மூங்கிலினால் உயர்ந்த பரண்கள் அமைத்துப் பறவைகள் கூடு கட்ட இடம் செய்து கொடுத்துப் பார்த்தார்கள். சில வருஷங்களில் அந்தப் பரண்களின் மேலும் குஞ்சுகள் பொரித்தன.

* * *

இத்தனைக்கும் பலன் என்ன? உபாத்தியாயர் என்றால் கணக்கில்லாமல் விடக் கூடாது. அந்த மூன்று கிராமங்களில் ஆரம்பத்தில் 28 கூடுகள் இருந்தன. 2022-ஆம் வருஷத்துக்குள் 250-க்கும் மேல் ஆகிவிட்டன. ஹர்கிலாக்கள் கூட்டமாகக் கூடு கட்டும் இடங்களில் உலகத்திலேயே மிகப் பெரியது என்ற கீர்த்தி அந்தக் கிராமங்களுக்கு வந்தது. அஸ்ஸாம் முழுவதிலும் சுமார் 450 ஆக இருந்த பறவைகள் 1,800-ஐத் தாண்டின. அழிவின் விளிம்பில் இருப்பவை என்ற ஜாபிதாவில் இருந்த ஹர்கிலாவை, ஜீவராசிகளின் நிலைமையைக் கணிக்கும் சர்வதேசச் சங்கம் 2023-ஆம் வருஷத்தில் அந்த வரிசையிலிருந்து இரண்டு படிகள் இறக்கி, அவ்வளவு ஆபத்தில்லாத வரிசையில் வைத்தது.

பூர்ணிமா தேவிக்கு மரியாதைகள் தேடி வந்தன. 2017-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தின் விட்லி பரிசு. அதே வருஷத்துக்குரிய நமது அரசாங்கத்தின் நாரீ சக்தி விருது. 2022-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் ஸ்தாபனம் வழங்கும் மிக உயர்ந்த விருது. 2024-இல் விட்லியின் தங்கப் பரிசு. ஆனால் இவற்றைக் காட்டிலும் எனக்குப் பெரியதாய்த் தோன்றுவது வேறொன்று. அவருடைய ஆராய்ச்சி ஏடு பன்னிரண்டு வருஷம் தாமதமாயிற்று. அது முடிந்தபோது, அதில் எழுதப்பட்ட பறவையும் உயிரோடு இருந்தது.

இதைப் படித்துவிட்டு, படிப்பை நிறுத்திவிட்டுப் பேச்சில் இறங்குவதே மேல் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். 28 கூடு என்று எண்ணியது யார்? எந்த மாதத்தில் முட்டை, எத்தனை நாளில் குஞ்சு என்று அறிந்தது யார்? அந்த எண்ணிக்கை இல்லாவிட்டால் சீமந்தம் எந்த மாதத்தில் செய்வது? 28 என்பது 250 ஆயிற்றா, 8 ஆயிற்றா என்று எப்படித் தெரியும்? எண்ணத் தெரியாதவன் பேச்சு வெறும் புலம்பல். பேசத் தெரியாதவன் எண்ணிக்கை வெறும் மரணக் கணக்கு. ஆராய்ச்சி ஒரு கண் என்றால், அதை எடுத்துச் சொல்லும் கலை மற்றொரு கண்.

வெற்றி பூரணமாகிவிட்டது என்றும் நான் சொல்லவில்லை. ஹர்கிலாவுக்குக் கூடு கட்ட மரம் கிடைத்தாலும், இரை தேட நீர்நிலை வேண்டும். சதுப்பு நிலங்கள் தூர்ந்து வீடுகளாகிக்கொண்டிருக்கின்றன. கௌஹாத்தி நகரத்துக் குப்பைக் குவியலில் அந்தக் கம்பீரமான பறவைகள் நகரம் எறிந்ததைக் கிளறித் தின்னும் காட்சியைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். கிராமத்துப் பெண்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். நகரத்தில் வசிக்கும் படித்தவர்கள் தங்கள் பங்கை இன்னும் செய்யவில்லை.

* * *

கதையைச் சொல்லி முடித்தேன். தகப்பனார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "பன்னிரண்டு வருஷமா, ஸார்?" என்றார். இத்தனையையும் கேட்டு, அவர் காதில் தங்கியது அந்த ஒரு கணக்குத்தான்! பெற்றவர் மனம் அப்படித்தான் இருக்கும்.

பெண் அப்போதுதான் முதன் முதலாக வாயைத் திறந்தாள். "பாங்கிப் பரீட்சையையே நாலு வருஷம், ஐந்து வருஷம் என்று எழுதிக்கொண்டிருக்கிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்களே, அப்பா!" என்றாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அதெல்லாம் அஸ்ஸாமில் நடக்கும், ஸார். நம் பக்கத்து ஜனங்கள் கேட்பார்களா?" என்று அடுத்த ஆட்சேபத்தைக் கிளப்பினார். வேடந்தாங்கல் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். செங்கற்பட்டுப் பக்கத்து அந்த ஊரார், தங்கள் ஏரியில் பறவைகளைச் சுடக் கூடாது என்று கும்பினி அதிகாரியிடம் முறையிட்டு, 1798-ஆம் வருஷத்திலேயே உரிமை பெற்றவர்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று எந்தச் சர்வகலாசாலையும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. நம் ஜனங்கள் கேட்கமாட்டார்கள் என்பது நாம் சொல்லிப் பார்க்காததற்குக் கற்பித்துக்கொண்ட சமாதானம். ஒருவேளை, நாம் சொல்வதற்கு முன் அவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியதும் நிறைய இருக்கலாம்.

தகப்பனார் எழுந்தார். முழுச் சம்மதம் அவர் முகத்தில் தெரியவில்லை. ஆனால் வந்தபோது இருந்த கடுமையும் தெரியவில்லை. வாசற்படியில் நின்று பெண்ணிடம் சொன்னார்: "நம் வீட்டுக் கொல்லைப் புளியமரத்தில் கொக்குக் கூடு கட்டியிருக்கிறதல்லவா? துணி உலர்த்த முடியவில்லை என்று உன் அம்மா தினம் அர்ச்சனை பண்ணுகிறாள். மரத்தைக் கழித்துவிட ஆளுக்கும் சொல்லிவிட்டாள். ஊர் ஊராய்ப் போய்ப் பேசுவது இருக்கட்டும். முதலில் உன் அம்மாவோடு பேசி அந்த மரத்தைக் காப்பாற்று, பார்க்கலாம். அதற்குப் பிறகு நான் குறுக்கே நிற்கமாட்டேன்."

சர்வகலாசாலைகள் வைக்கும் எந்தப் பரீட்சையைக் காட்டிலும் கடினமான பரீட்சை இது என்று எனக்குப் பட்டது. பெண்ணுக்கும் அப்படியே பட்டிருக்க வேண்டும். ஒரு கணம் திகைத்து நின்றாள். என் மேஜை மேல் எழுதாத நோட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. அதை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தேன். "தேதிக்கு ஒரு பத்தி, பறவையின் எண்ணிக்கைக்கு ஒரு பத்தி போடு, அம்மா. மூன்றாவதாக ஒரு பத்தி போட்டு, மரத்தடியில் இருப்பவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் எழுது. அதைத் திருத்தாமல் எழுது" என்றேன்.

அவர்கள் போன பிறகு பரீட்சைத் தாள்களிடம் திரும்பி வந்தேன். முதல் தாளில் ஒரு பையன், கேட்ட கேள்விக்கு விடை எழுதாமல், ஓரத்தில் ஒரு மீன்கொத்தியை வெகு நேர்த்தியாக வரைந்துவைத்திருந்தான். விடைக்கு மார்க் போட முடியவில்லை. ஆனால் படத்தின் கீழே, "இதை எங்கே பார்த்தாய்?" என்று சிவப்பு மசியில் எழுதினேன்.

புளியமரத்தைப் பற்றி இன்னும் செய்தி வரவில்லை.